கடைசி வரிதான் முடிவாம்

ஒரு கேள்வி கேட்கிறேன், யோசிக்காமல் பதில் சொல்லுங்கள். “கல்யாணத்துக்கு வர முடியாதுப்பா. காய்ச்சல். உங்க வீட்டுச் சாப்பாடு பிரமாதமாத்தான் இருக்கும்” என்று ஒருத்தர் போன் பண்ணுகிறார். அவர் சொல்ல வந்த விஷயம் எது? வர மாட்டார் என்பதா... சாப்பாடு பிரமாதம் என்பதா?

வர மாட்டார் என்பதுதானே? ஸாரி. தென்காசியில் நான் படிக்கிற கோச்சிங் சென்டரில் உங்களுக்கு முட்டை மார்க்.

போட்டித் தேர்வுகளில் ரீசனிங் என்று ஒன்று உண்டு. ஒரு குட்டிப் பத்தியைக் கொடுத்து, இதில் எந்த வரி முடிவு, எது காரணம், எது எதிராளி வாயை அடைக்கச் சும்மா ஒத்துக்கொண்டது என்று பிரிக்கச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். வீட்டில் சண்டை போடக்கூட உதவும்.

எங்கள் ரீசனிங் சார் அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறார். முதல் வரி பில்டப். நடுவில் வருவது காரணம். கடைசி வரி முடிவு. படிக்கவே வேண்டாம், எத்தனாவது வரி என்று பார்த்தால் போதும். ரீசனிங்கிலிருந்து ரீசனை மட்டும் உருவி எடுத்துவிட்டார். மேதை!

என் பெஞ்ச்மேட் முப்பிடாதிக்கு ஒரு கெட்ட பழக்கம் — கேள்வியைப் படிப்பாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். சென்டரில் மாக் டெஸ்ட் என்று ஒரு மாதிரித் தேர்வு வைத்து இருபது பேரை ஸ்பெஷல் பேட்சுக்கு எடுக்கிறார்கள். அதில் வந்தால் படி. வராவிட்டால் சுரண்டையில் சித்தப்பா ஜவுளிக்கடையில் போய் நில்.

மாக் டெஸ்டில் சாரே சொந்தமாக உருவாக்கிய கேள்வி இது: “தென்காசியிலிருந்து சுரண்டைக்குக் காலையில் இன்னொரு பஸ் விட வேண்டும். எட்டு மணி பஸ்ஸில் ஆட்கள் படிக்கட்டில் தொங்குகிறார்கள். மதியம் பஸ் காலியாகப் போவது உண்மைதான்.” இதில் முடிவு எது?

முப்பிடாதி முதல் வரி என்று எழுதினாள். நான் கேள்வியைப் படிக்கவே இல்லை, கடைசி வரிக்கு டிக் அடித்தேன். எனக்கு மார்க். அவளுக்கு இல்லை. லிஸ்டில் அவள் இருபத்தொன்றாவது ஆள். ஒரே ஒரு மார்க்.

வாட்ஸ்அப்பில் சாருக்கு விளக்கி எழுதினாள். ப்ளூ டிக் மட்டும் வந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் சார் எங்கே இருப்பார் என்று தென்காசிக்கே தெரியும். என் ஸ்கூட்டியில் குற்றாலம் போனோம்.

மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச்சைத் தொட்டு விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி யாரையும் விடவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் சார், தோளில் துண்டு, தலையில் வழிய வழிய எண்ணெய். போலீஸ்காரரிடம் அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“குளிக்க விட முடியாது சார்” என்றார் போலீஸ்காரர். “மலைல மழை கொட்டுது, தண்ணி எப்ப கூடும்னு தெரியாது. இங்கன வெயில் அடிக்கத்தான் செய்யுது.”

சார் சமர்த்தாகத் திரும்பினார். திரும்பினால் எதிரே முப்பிடாதி.

“சார், அவரு கடைசியா என்ன சொன்னாரு?”

“வெயில் அடிக்குன்னாரு. ஏன்?”

“அப்ப அதான முடிவு? நீங்க போய்க் குளிக்க வேண்டியதான. எதுக்குத் திரும்புதீங்க?”

பக்கத்தில் சோப்பு டப்பாவோடு நின்ற ஒரு அண்ணாச்சி, “புள்ள கேக்குதுல்லா, சொல்லும்” என்றார். சார் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தார்.

“அவரு முடிவ மொத வரிலயே சொல்லிட்டாரு சார். வெயில சும்மா ஒத்துக்கிட்டாரு. உங்க பஸ் கேள்வியும் இதேதான்.”

“அருவி வேற, எக்ஸாம் வேற. ஆன்சர் கீல என்ன இருக்கோ அதான் சரி.”

“கீ யாரு போட்டா?”

“நாந்தான்.”

“அது சரின்னு எப்படிச் சொல்லுதீங்க?”

“அதான் கீல இருக்குல்லா.”

குற்றாலத்தில் கார் பார்க்கிங் தேடுகிறவர்கள்கூட இப்படிச் சுற்றியதையே சுற்றி நான் பார்த்ததில்லை. இவர்தான் எங்களுக்கு லாஜிக் சொல்லித் தருகிறார். இதற்கு விசிட்டிங் கார்டு வேறு வைத்திருக்கிறார்!

அண்ணாச்சி நகர்ந்த பிறகு சார் குரலை இறக்கினார். “இப்ப கீய மாத்துனா லிஸ்ட்ட மாத்தணும். உள்ள வந்த ஒருத்தன வெளிய அனுப்பணும். அவங்கப்பன் வந்து சத்தம் போடுவான். அதனால விட்டுரு, அடுத்த வருஷம் பாப்போம்.”

காரணம், காரணம், காரணம், முடிவு. சார் வாயிலிருந்து ஒழுங்காக வந்த முதல் ஆர்க்யுமென்ட். பயம் வந்தால் எல்லாருக்கும் லாஜிக் வந்துவிடும் போல.

“இது புரியுது சார்” என்றாள் முப்பிடாதி. “இதுக்குக் கீ வேண்டாம்.”

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் வழி முழுக்க நான் சாரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் வீட்டில், அவளுடைய விடை ஏன் சரி என்று அவள் அப்பாவிடம் வரிவரியாக விளக்கினேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டார், சாரைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். “நீ சொல்லுதது சரிதான் தாயி. ஆனா லிஸ்ட்ல பேரு இல்லல்லா” என்றார்.

அந்த வீட்டில் கடைசி வரி அவருடையது.

யோசித்துப் பாருங்கள், நம்மில் எத்தனை பேர் இப்படித்தான் இருக்கிறோம்? யார் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று எவன் பார்க்கிறான்? கடைசியாகப் பேசியது யார் என்று பார்க்கிறோம். தலையாட்டுகிறோம். அதற்கு முடிவு என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சாரின் விதிப்படி பார்த்தால், இந்தக் கதையின் கடைசி வரிதான் இதன் முடிவு. அந்த விதி சுத்த மொக்கை என்று இவ்வளவு நேரம் கத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது மணி எட்டு பத்து. முப்பிடாதி சுரண்டை பஸ்ஸின் படிக்கட்டில் நிற்கிறாள்.