வெள்ளிக்கிழமை, கொக்குவில் நேரப்படி

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டேகால் ஆனால் பினாங்கில் அரசாங்க அலுவலகக் கவுண்டர்களை மூடிவிடுவார்கள். தொழுகை முடிந்து திரும்பத் திறக்க இரண்டேமுக்கால் ஆகும். என் பிறந்த ஊரான கொக்குவிலிலிருந்து கல்யாணமாகிக் கடல் கடந்து வந்த புதிதில் எனக்கு இது பெரிய புதினம், கேள்விப்படாத சங்கதி. இருபது வருடமாகிறதே, பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கே பழகினேன்? பழகியிருந்தால் பெற்ற பிள்ளைக்கு அந்த அநியாயத்தைச் செய்திருப்பேனா?

என் மகள் வாசுகி ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, நாங்கள் இருக்கிற பட்டர்வொர்த்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு. செலவுக்கு அரசாங்கமே கடன் தரும், வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும். ஆனால் கடனுக்கான விண்ணப்பப் பாரத்தைத் தாயோ தகப்பனோ நேரில் போய், கடலுக்கு அக்கரையில் இருக்கிற ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவளுடைய அப்பா ரயில்வே கிளார்க். செத்து ஆறு வருடம். நான் சிவப்பு அடையாள அட்டைக்காரி, இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவள். அதனால் ஜாமீனுக்கு ஆள் தேடியே மூன்று வாரம் அலைந்தோம். ஜாமீன் கையெழுத்து வியாழன் மாலைதான் வந்தது. மறுநாள் வெள்ளி, அதுதான் கடைசி நாள்.

"அம்மா, எட்டு மணி ஃபெரியிலேயே போயிடுங்க. ஏதாச்சும் குறைன்னா சரிபண்ண டைம் இருக்கும்லா," என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வாசுகி கடைக்குப் போனாள்.

நான் கேட்டேனா? பாரத்தைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுக்காமல் எப்படிப் போவது என்று கோயிலுக்குப் போனேன். ஐயர் சுணங்கி வந்தார். பூசை முடிந்தபோது பத்தரை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். என் தம்பி வருடாவருடம் கொக்குவிலிலிருந்து அனுப்பும் கலண்டரில் அப்படித்தான் போட்டிருக்கும். பிள்ளையின் வாழ்க்கை விஷயம், ராகு காலத்தில் படியிறங்குவதா? வீட்டில் வந்து உட்கார்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்குப் பெரிய கெட்டிக்காரி மாதிரிப் புறப்பட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் படிக்கட்டில் இருந்தேன். திறந்ததும் ஓர் இளம் மலாய் அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சான்றிதழ் நகல்களில் அரசாங்க அதிகாரி ஒருவரின் முத்திரை இல்லையாம். காலையில் வந்திருந்தால் தங்கள் மேலதிகாரியே போட்டுக் கொடுத்திருப்பாராம். அவர் மதியத்தோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டாராம். "ஏன் மக்சிக் காலையில் வரவில்லை?" என்று, அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார். "பாகி தா பாய்," காலை நல்லதில்லை என்றேன், எனக்குத் தெரிந்த சந்தை மலாயில். அந்தப் பிள்ளை எனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து, நாற்காலி இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தது. முத்திரைக்கு ஆள் தேடி இரண்டு அலுவலகம் ஓடினேன். திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. கடனும் போயிற்று, படிப்பும் போயிற்று.

எழுபதுகளில் ஊரில் என் தம்பி கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியவில்லை. தரப்படுத்தல் என்று சொல்லி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திவிட்டார்கள். அங்கே கதவைச் சாத்தியது அரசாங்கம். அதைத் திட்டித் தீர்க்கலாம். இங்கே திறந்திருந்த கதவுக்கு நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைத் திட்ட?

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் இந்த நாட்டிலேயே, நிபோங் திபால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "என்னம்மா நீங்க! இங்க சூரியன் ஏழு மணிக்கு மேலதானே வருது? ராகு காலமும் அதுக்குத் தக்கத் தள்ளிப் போகும்லா. இந்த ஊருப் பஞ்சாங்கத்துல வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னெண்டு மணிக்குத்தான் நல்லா நடந்துகிட்டிருக்கும்," என்றார். அட பாவி! ராகு காலம் போகட்டும் என்று காத்திருந்து, சரியாக அதற்குள்ளேயே இறங்கிப் போயிருக்கிறேன். இருபது வருடம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டு அந்த ஊர் நேரத்தில் இருந்திருக்கிறேன்.

வாசுகி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அந்த மாதமே பாயான் பாரு பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அடுத்த வருடம் திரும்ப எழுதிப் போடலாம் என்றேன். அடுத்த வருடம் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அவளும் பாரம் வாங்கி வரவில்லை, நானும் கேட்கவில்லை.

போன கிழமை தம்பியின் கடிதம் வந்தது. சண்டையால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றனவாம். "அங்கே படிக்கிற பிள்ளைக்கு அரசாங்கமே காசு குடுக்குதாமே. நீ குடுத்து வைச்சனி அக்கா. வாசுகி என்ன படிக்கிறாள்?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு எந்த முகத்தோடு உண்மையை எழுதுவேன்? எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள், கெட்டிக்காரி என்று பேர் எடுத்திருக்கிறாள் என்று எழுதினேன்.

வேலைக்குக் கிளம்பிய வாசுகி, ஒட்டுவதற்கு முன் என் கடிதத்தை வாசித்துவிட்டாள். "வெட்டிப்போட்டு வேற எழுதட்டோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"வேணாம்மா," என்றாள். "இங்கதான் முடியல. அங்கயாச்சும் நான் படிச்சுக்கிட்டு இருக்கேன். இருக்கட்டும்லா."

கொக்குவிலை அவள் ஒருநாளும் கண்டதில்லை. கடிதத்தை ஒட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.