சின்னசாமி அண்ணன் திறந்த ஜன்னல்

கோரமண்டல் தங்கச் சுரங்கத்தின் உருக்குக் கொட்டகையில் சின்னசாமி அண்ணன்தான் தலைமை ஆள். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் திட்டுத்தான். அந்த மனுஷனுக்காக நான் ஜெபம் பண்ணாத நாள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உருக்குகிற நாளில் கொட்டகையைப் பிள்ளை பெற்றவள் அறையைப்போல் அடைத்து வைப்போம். வாசலில் வேப்பிலை, ஜன்னலெல்லாம் கோணி. பொன் உருக்கும் பாத்திரமான மூசைமேல் காற்றுப் பட்டால் உள்ளே பொன் உறைந்துவிடும் என்று பயம். பயம் பொய்யும் இல்லை. ஆனால் பொன்னோடு கிடக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்புமே, அது போக வழி வேண்டாமா? கொட்டகையை மேற்பார்க்கும் வெள்ளைக்காரத் துரை ஜன்னலைத் திறக்கச் சொல்வார். அவர் தலை மறைந்ததும் மறுபடி அடைப்போம். இருமிக்கொண்டே வேலையைப் பார்ப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, மழைக்காலம். அண்ணன் மூசையை இடுக்கியால் அடுப்பிலிருந்து தூக்கிவிட்டார். அச்சில் ஊற்றுவதுதான் பாக்கி. பக்கத்தில் நின்ற நான் மூச்சு முட்டி விழுந்தேன். மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அண்ணன் மூசையைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாராம். ஊற்றிவிட்டுத் திறக்கலாம் என்று தடுத்தவனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கோணியைப் பிய்த்து எறிந்தாராம். நான் கண் விழித்தபோது அவர் மடியில் கிடந்தேன். பொன் கட்டியாக உறைந்து, மூசையும் விரிசல் விட்டிருந்தது.

பொன்னை மறுபடி உருக்கிக்கொள்ளலாம், இவன் போனால் போனதுதான் என்று துரையிடம் சொல்லியிருக்கிறார். மேலிடத்தில் அது எடுபடவில்லை. அவரைக் கரி சுமக்க வெளியே அனுப்பிவிட்டு, அவர் இடத்தை அடுத்த மூத்தவனான எனக்குக் கொடுத்தார்கள்.

இந்த வேலையே வேண்டாம் என்று அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். வழக்கம்போல் திட்டினார்.

"அறிவு கீதாடா ஏசுபாதம்? நீ போவலன்னா வேற எவனாவது போவான். அவன் ஜன்னல அடச்சிடுவான். அப்பறம் உள்ள விழறவனுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

போனேன். துரையிடம் கேட்டு, காற்று மூசையில் படாதபடி ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே மண்சுவர் எழுப்பினோம். புகை போகக் கூரையில் ஓடுகளை எடுத்தோம். பொன்னும் உறையவில்லை, ஆளும் விழவில்லை.

உருக்குகிற நாளில் அண்ணன் கரிக்கூடையை இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். நாங்கள் எல்லாரும் நிற்கிறோமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூடைக்குப் போவார்.