வெல்லம் என்று நினைத்தேன்

காலை ஆறரைக்குப் புதுச்சேரியில் பாகூர் பேருந்து ஏறினேன். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஈரோட்டுக்காரியான எனக்குக் கரும்பு புதிதல்ல. பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களைப் பார்க்கத்தான் வந்தேன். ஊரில் இறங்கி வயல் வழியே நடந்தேன். ஒரு பக்கம் நெல், மறுபக்கம் கரும்பு வெட்டு.

ஒன்பது மணிவாக்கில் வெட்டுக்காரர்கள் உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்தார்கள். அஞ்சலை என்ற பெண் மட்டும் தள்ளிப் போய், முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ வாயில் போட்டுக்கொண்டாள். முப்பது வயதிருக்கும். பழுப்பாகச் சின்னக் கட்டிகள்.

"வெல்லமா? எனக்கும் ஒண்ணு குடும்மா."

"வோணாங்க்கா," என்று சிரித்தாள். நானே ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.

மண். கரையான் புற்று மண்.

துப்பிவிட்டு அவளைப் பார்த்தேன்.

"இன்னாக்கா பண்றது, வாய் கேக்குது. துன்னா பசி தெரியாது."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"டீ."

"நேத்து ராத்திரி?"

"சோறு பத்தல. அவருக்கும் புள்ளைங்களுக்கும் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அரிவாளை எடுத்தவள், நாலு கரும்பு வெட்டியதும் அவற்றின்மேலேயே சரிந்தாள். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து அவளிடம் ஓடினேன். பாம்பில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது. வயலின் மறுகோடியிலிருந்து அவள் கணவர் ஏழுமலை ஓடிவந்தார். ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரி போனோம்.

சோதித்த டாக்டரம்மா, "இவ்வளவு கம்மி ரத்தத்தோட கரும்பு வெட்டினாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ரத்தம் ஏற்றினார்கள்.

மதியம் கண் விழித்தாள். சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் வாங்கி வந்தேன். பொட்டலத்தைக் கணவர் பக்கம் தள்ளினாள். "நீ துன்னு."

அவர் தொடவில்லை. "தெனமும் துன்னுட்டேன்னு சொன்னியேடி?"

"நீ கேட்ட, சொன்னேன். சட்டியப் பாத்தியா?"

அந்த மனிதர் முட்டையை உரித்து அவள் வாயருகே கொண்டுபோனார். திருடித் தின்கிறவள்போல வாசலைப் பார்த்தபடியே அவள் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார்கள். மாலையில் விடைபெற்றேன். திரும்பும் பேருந்தின் இருபுறமும் முற்றிய நெற்கதிர்கள். எங்கள் ஊரிலும் பெண்கள் கடைசியாகச் சாப்பிட உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைப் பழக்கம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பசி என்று யாரும் சொல்லவில்லை.