பெஞ்சில் முத்துவின் இடம்

பந்தலூரில் பஸ் நிற்கிறது. மூடுபனியில் என் காலே எனக்குத் தெரியவில்லை. தடுமாறி டீக்கடைக்குள் நுழைந்து, பெஞ்சில் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்காருகிறேன். கடை முழுக்கப் பேச்சு நின்றுபோகிறது. என் அழகைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெரியவர் முன்னால் இரண்டு கிளாஸ் டீ. இரண்டிலும் ஆவி பறக்கிறது.

"ஏனுங்க, எந்திரிங்க," என்று கடைக்காரர் காதில் கிசுகிசுக்கிறார். "அது முத்துவோட எடமுங்க. செத்து ஒரு வருசமாச்சு. இந்தச் செல்லையாவும் அவரும் சிலோன்ல இருந்து, அண்ணன் தம்பின்னு குடும்பக் கார்டுல எழுதிட்டு வந்தாங்க. ஊட்டுக்குள்ள புருசன் பொஞ்சாதி மாதிரிங்க. இப்பவும் முத்து தெனமும் டீ குடிக்க வர்றாருங்க."

எழுந்திருக்க மறந்து, பேய் எப்படி டீ குடிக்கும் என்று இரண்டாவது கிளாஸையே பார்க்கிறேன். கடைக்காரர் நகர்ந்ததும் செல்லையா என் பக்கம் சாய்கிறார்.

"பேயுமில்ல, ஒண்ணுமில்ல தம்பி. நான்தான் கெளப்பிவிட்டேன். உசுரோட இருக்கையில நாங்க சேந்து உக்காந்தா, பொட்டைன்னு சிரிச்சானுக. அவன் கடைக்கு வர்றதையே விட்டுட்டான். இப்ப அவனுக்குத்தான் மொதல்ல டீ வைக்கிறானுக."

சிரிக்கலாம் என்று வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் இரண்டாவது கிளாஸை எங்கள் இருவருக்கும் நடுவே மெதுவாக நகர்த்துகிறார்.

"சூடா இருக்கு, பாத்துக் குடி."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் எதற்கும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறேன்.