தண்ணீரில் முகம் காட்டிய ராஜவேல்

கடலூர் புதுப்பாளையத்தில் ராஜவேல் வருகிறான் என்றால் சனங்கள் வீட்டுக் கிழவிகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். டேப்ரெக்கார்டரை நீட்டி, "பெரீம்மா, ரெண்டு வார்த்த பேசேன்" என்று அவன் கேட்டுவிட்டால் அந்த அம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு.

கல்யாண வீடியோ எடுத்து, மிக்ஸிங் செய்து பிழைத்தவன் அவன். 2005-ல் சிதம்பரத்தில் ஒரு காலேஜ் கழித்துப்போட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டரை வாங்கி வந்தான். அதன்மேல் செத்தவர் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் தாள், தாளின்மேல் கண்ணாடித் தட்டு, தட்டில் தண்ணீர். காரிய வீட்டில் கதவைச் சாத்தி, ஏழெட்டுப் பேரை மட்டும் பாயில் உட்காரவைத்து, தண்ணீரை விரலால் கலக்குவான். சுவரில் கட்டிய வேட்டியில் முகம் கலங்கி மெல்லத் தெளியும். தெளிகிற நேரம் பார்த்து டேப்பைத் தட்டுவான். எப்போதோ சிங்கப்பூர் மகனுக்குப் பேசி அனுப்பியபோது ராஜவேல் நகல் எடுத்து வைத்த கேசட்டிலிருந்து, "கறி ஆக்குனேன்டா, ஒன் நெனப்புதான்" என்று செத்தவள் பேசுவாள். மாமியாரைப் பட்டினி போட்ட மருமகள்தான் முதலில் ஓவென்று அழுவாள். பேர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.

2008 ஐப்பசியில் அவன் பெண்டாட்டி லோகநாயகி மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு நாள் இருக்கையில், பிளஸ் ஒன் படிக்கிற மகள் இலக்கியா கேட்டாள்:

"ஊருக்கெல்லாம் காட்டுனியே. அம்மாவ எப்பப்பா காட்டுவ?"

"காரியத்தன்னிக்குக் காட்டுறம்மா."

"பேசுமில்ல?"

"பேசும்."

சொன்ன பிறகுதான் கேசட்டுகளை எடுத்துப் பார்த்தான். வீட்டில் முந்நூறு கேசட். ஊரில் செத்தவர்கள் எல்லாரும் அதில் பேசினார்கள், லோகநாயகி மட்டும் இல்லை. பேசி அனுப்ப அவளுக்கு வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? பக்கத்திலேயே இருக்கிறவள் பேச்சை எவன் பதிவு செய்வான்?

மிச்சம் இருந்தது கல்யாண வீடியோ கேசட். அது சிதம்பரத்தில் அவள் தம்பி சபாபதி வீட்டில். வி.சி.ஆரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

"இத எதுக்கு மாமா தூக்கிட்டு வந்த?"

"ஒங்க அக்கா பேசுது மச்சான் அதுல. மால மாத்துறப்ப எங்கிட்ட என்னமோ சொல்லிச்சி."

போட்டார்கள். கோடு கோடாக ஓடிய படத்தில் லோகநாயகி வந்தாள், பத்தொன்பது வயசு. மாலை மாற்றும்போது சாய்ந்து உதட்டை அசைத்தாள். சினிமாப் பாட்டு கேட்டது. நலங்கில் சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னாள். அதற்கும் பாட்டு. அம்மாவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அதற்கு ஒரு சோகப் பாட்டு.

"எந்தக் கம்னாட்டி மாமா இவ்ளோ பாட்டப் போட்டான்?"

"நாந்தான் மச்சான்" என்றான் ராஜவேல். மண்டபத்துச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டு ஏற்றுவதுதான் மிக்ஸிங். புது மாப்பிள்ளை, மறுவீட்டு விருந்துக்குக்கூடப் போகாமல் ஒரு வாரம் உட்கார்ந்து தன் கையாலேயே செய்தது. அப்போது ஊரே மெச்சியது; இப்போது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"சரி, கேமராவுல எடுத்த கேசட்டு?"

"அதுமேலதான் அடுத்த முகூர்த்தத்த எடுத்தேன்."

சபாபதி டிவியை அணைக்கப் போனான். ராஜவேல் அவன் கையைத் தட்டிவிட்டான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு நொடி இடைவெளி இருந்தது. சத்தத்தை முழுசாக ஏற்றி, அங்கே காதை வைத்தான். வெறும் இரைச்சல். அந்த ஒரு நொடியையே சாயங்காலம்வரை திருப்பித் திருப்பி ஓட்டினான்.

பதினாறாம் நாள், சாப்பிட்ட கூட்டம் கலைந்தபின் சன்னலுக்குப் போர்வை கட்டினான். சொந்தத்தில் ஏழு பேர் பாயில் உட்கார்ந்தார்கள். தட்டில் விரலை விட்டுக் கலக்கினான், முகம் கலங்கியது. தெளிந்தது. புரொஜெக்டர் விசிறி மட்டும் ஓடியது.

"பேசும்னியேப்பா" என்றாள் இலக்கியா.

ராஜவேல் தொண்டையைக் கனைத்து, குரலை மெலிதாக்கினான். "எலக்கியா... சாப்ட்டியாடி?"

ஒருத்தி முந்தானையில் சிரிப்பை அடக்கினாள்.

"நிறுத்துப்பா! அம்மா அப்டிப் பேசாது."

"எப்டிம்மா பேசும்? நீயாவது சொல்லு. பதினேழு வருசம் கேட்டேன், இப்ப நெனச்சா வரமாட்டேங்குதே!"

சொல்வதற்கு இலக்கியா வாயைத் திறந்தாள். அம்மா குரல் அவளுக்கும் வரவில்லை. பிறகு வேட்டியில் ஆடிய முகத்திடமே கேட்டாள்:

"எப்டிம்மா பேசுவ நீ?"