இறக்கைக்கடியில் தேன்கூடு

தேனீயைக் கண்டால் எனக்கு உயிர் போய்விடும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். அங்கே ரப்பர் தோட்டம் இருக்கும் வீடுகளில் தேன்பெட்டியும் இருக்கும். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கும்போது எங்கள் பெட்டித் தேனீ ஒன்று என் காதுக்குப் பின்னால் கொட்டியது. மற்ற பிள்ளைகளுக்குக் கொட்டினால் சுண்ணாம்பு தடவிவிட்டு விளையாடப் போகச் சொல்வார்கள். எனக்கோ உதடு தடித்து, கண் மூடி, தொண்டை அடைத்துவிட்டது. அப்பா என்னை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் குழித்துறை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியில் நான் மூச்சுவிடும் சத்தத்தைக் கேட்டு அவர் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்னொரு தடவை கொட்டினால் இதைவிட மோசமாகும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வாரமே அப்பா பெட்டிகளை விற்றுவிட்டார். இன்றும் வடசேரிச் சந்தையில் பலாப்பழம் வெட்டி வைத்திருக்கும் பக்கம், தேனீ மொய்க்குமே என்று நான் போவதில்லை.

கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்த பிறகு இதைக் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவருடைய அக்கா, என் மைனி, வளைகுடாவில் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அதிகம் பேசமாட்டார். அடுப்படிக்குள் வந்து நின்று நான் வெங்காயம் அரிவதைப் பார்த்தால் என் கை தானாக மெதுவாகும். அவரிடம் எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு.

போன கோடையில் அவர் வந்திருந்தபோது, இராஜாக்கமங்கலம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் விமானக் காட்சியகத்துக்குப் போனோம். வளைகுடாவில் விமான நிலைய வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், பறக்காமல் ஒதுக்கப்பட்ட பழைய விமானங்களை ஏலத்தில் எடுத்து, துண்டு துண்டாக லாரியில் கொண்டுவந்து, தன் தென்னந்தோப்பில் பூட்டி நிறுத்தியிருக்கிறார். "வருசத்துக்கு ரெண்டு தடவ பறக்கேன். அசையாம நிக்கிற ஒண்ணப் பாத்துக்கிடுதேன்" என்று மைனிதான் முதலில் கிளம்பினார்.

உச்சி வெயில். கணவர் எங்களை இறக்கிவிட்டு எதிர்ச்சாரிக் கடையில் டீ குடிக்கப் போனார். என் கைப்பை காரிலேயே இருந்தது.

மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டிப் பயிற்சி விமானம், விசிறி இல்லாத ஹெலிகாப்டர், இவற்றைத் தாண்டி நடுவில் இரண்டு எஞ்சின் கொண்ட பெரிய விமானம் நின்றது. அந்தக் காலத்தில் பட்டாளக்காரர்கள் பாராசூட் கட்டிக்கொண்டு இதிலிருந்துதான் குதிப்பார்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். கதவு இடது பக்கம், அதற்கு ஏணி சார்த்தியிருந்தது. வலது இறக்கைக்கடியில் முறத்தளவு தேன்கூடு தொங்கியது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் கேட்டையே தாண்டியிருக்க மாட்டேன்.

உள்ளே தகரமும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. இரண்டு ஓரமும் கித்தான் இருக்கைகள். தலைக்குமேல் ஒரு கம்பி நீளமாக ஓடியது. ஆட்கள் குதிக்குமுன் பாராசூட்டின் வாரை அதில் மாட்டுவார்களாம். வெளியே ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முந்தின படப்பிடிப்புக்கு வந்திருந்தது. கேமராக்காரர் டிரோனைப் பறக்கவிட்டார். அது இறக்கையைச் சுற்றி வரும் இரைச்சல் கேட்டது. பிறகு எதிலோ மோதி விழுந்த சத்தம். ஆனால் இரைச்சல் நிற்கவில்லை, கூடிக்கொண்டே வந்தது. ஒரு பெண் வீறிட்டாள்.

நான் வட்ட ஜன்னலில் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே கறுப்பாக எதுவோ கொதித்தது. கல்யாணப்பெண் பட்டுப் பாவாடையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடினாள்.

"மைனி, கதவ அடைங்க!" என்று கத்தினேன். அவரை நான் ஏவியது அதுதான் முதல் தடவை.

அவர் ஓடிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். இரும்புக் கைப்பிடி கிரீச்சிட்டுக் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டது. உள்ளே பாதி இருட்டு. வெளியே தகரத்தின்மேல் மழை தூறுவதுபோல் பூச்சிகள் வந்து மோதும் ஓசை.

கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு ஓசையும் கேட்டது. மைனி வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏட்டி, ஒரு விரலளவு தொறந்து வைப்போமா? மூச்சு முட்டுது."

"தொறக்காண்டாம் மைனி. எனக்குப் பேடியா இருக்கு." பயம் வந்தால் எங்கள் ஊர்ச் சொல்தான் என் வாயில் வரும்.

"ஒனக்குத் தெரியாது. அடச்ச எடத்துல எனக்கு இருக்க முடியாது. ஆஸ்பத்திரி லிஃப்டுல ஒருக்கா ஒரு நோயாளியோட மாட்டிக்கிட்டேன். அதுக்குப் பொறவு எத்தன மாடின்னாலும் படியிலதான் ஏறுவேன்."

எங்கள் வீட்டில் அவர் குளியலறையைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திவைப்பார். வெளிநாட்டு வழக்கம் என்று நான் மனதுக்குள் குறை சொல்லியிருக்கிறேன். காரணம் இதுதான் என்று அப்போது புரிந்தது. ஆனாலும் கதவைத் திறக்கவிட எனக்குத் துணிவில்லை. காதுக்குப் பின்னால் கொட்டியதையும், குழித்துறைக்குப் போனதையும், டாக்டர் சொன்னதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மாத்திர வச்சிருக்கியா?"

"பையில இருக்கு. பை காருல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. நீ இந்தக் கைப்பிடியப் புடிச்சுக்கோ. நான் புடிச்சா தொறந்துருவேன். நான் எவ்வளவு கேட்டாலும் தொறக்காத. கேட்டியா?"

நான் பிடித்துக்கொண்டேன். இரும்பு சுட்டது. அவர் ஒரு கித்தான் இருக்கையில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கேட்கவே கேட்டார். முதலில் தன்மையாக, "மக்கா, கொஞ்சம் தொற" என்றார். பிறகு அருகில் வந்து என் விரல்களைப் பிரித்தார். "நான் இதுக்குள்ளயே செத்துருவேன், தொற ஏட்டி!" என்று என் தோளில் அடித்தார். நான் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு அழுதேன். வெளியே இருந்த பூச்சிகளைவிட அந்த நேரத்தில் அவருடைய கண்கள்தான் எனக்கு அதிக அச்சமாக இருந்தன. பழக்கமான முகத்தில் அடையாளம் தெரியாத யாரோ இருந்தார்கள்.

அப்போது என் கழுத்தில் தீக்குச்சி வைத்ததுபோல் இருந்தது. தரையில் கம்பிகள் போகும் ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. அதன் வழியாக ஒன்றிரண்டு உள்ளே வந்துவிட்டன.

"மைனி, கொட்டிட்டு."

என் தோளில் இருந்த கை அப்படியே நின்றது. அடுத்த நொடி அவர் என்னைத் தரையில் உட்காரவைத்து நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தார். இன்னும் வாயால்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அப்படியே என் மணிக்கட்டில் நாடி பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, காரை உள்ள கொண்டு வா. பூந்தொட்டி ஒடஞ்சாலும் சரி, ஏணிய ஒட்டி நிப்பாட்டு. கண்ணாடிய ஏத்திட்டு வா. இவளுக்குக் கொட்டிட்டு."

எனக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. பிறகு உதடு. நாக்கு வாயில் அடங்காத பொருள்போல் ஆனது. எச்சில் விழுங்கிப் பார்த்தேன். போனது. மறுபடி விழுங்கிப் பார்த்தேன். இப்போது பாதி வழியில் நின்று போனது. வீட்டில் கொடியில் காயும் துணி நினைவுக்கு வந்தது, டியூஷனிலிருந்து வரப்போகும் மகள் நினைவுக்கு வந்தாள். வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் மைனி ஒரு இருக்கையின் கித்தானை இழுத்துக் கிழித்து என் தலை முதல் முழங்கால் வரை போர்த்தினார். "கண்ணத் தொறக்காத. நான் புடிச்சிருக்கேன்." கதவு திறந்தது. இரைச்சல் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. ஏணியின் ஒவ்வொரு படியையும் காலால் தடவி இறங்கினேன். கித்தான்மேல் தேனீக்கள் பொத்துப் பொத்தென்று மோதின. அவருக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது காருக்குள் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பின்சீட்டில் கூடவே வந்த தேனீக்களை வெறுங்கையால் நசுக்கிக்கொண்டு, மற்றக் கையால் என் வாயில் மாத்திரையைத் திணித்தார்.

நாகர்கோவில் போகும்வரை என் முகத்தருகே முகத்தை வைத்து, "மூச்ச இழு, விடு. என்னப் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் தொண்டையிலிருந்து விசில்போல ஒலி வந்தது. அப்பா ஸ்கூட்டரில் கேட்ட அதே சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போனது. திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் மைனி. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. கன்னம் பணியாரம்போல் வீங்கியிருந்தது. கேமராக்காரரும் அந்தப் பெண்ணும் அதே வார்டில் கிடந்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டோம்.

"ஒன்ன அடிச்சிட்டேன் என்ன?" என்றார் மைனி.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றா ஆமாம் என்றா, எனக்கே தெரியவில்லை. நாக்கு இன்னும் புரளவில்லை.

லீவு முடிந்து போனவர், ஊருக்கு வரும் ஒருவர் கையில், அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் ஊசிகள் கொடுத்தனுப்பினார். கூடவே பழகுவதற்கென்று ஊசிமுனை இல்லாத ஒன்று. வீடியோ காலில் வந்து, என் தொடையில் அதை வைத்து எங்கள் வீட்டில் ஆளாளுக்குக் குத்திப் பழகும்வரை விடவில்லை. "ஏலே, தடவாத. அழுத்திக் குத்து" என்று தம்பியைத் திட்டினார். மகள் ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட்டாள்.

பயம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. மிக்சி ஓடும்போதும் கழுத்தில் முடி உரசும்போதும் கை தானாகத் தொண்டைக்குப் போகிறது. எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொள்கிறேன். அது இறங்கிய பிறகே அடுத்த வேலை.