போனில் தங்கிய பச்சை

குற்றாலத்து அருவிகளில் குளிக்கலாமா கூடாதா என்று காட்ட ஒரு வலைப்பக்கம் செய்திருந்தேன். ஒவ்வொரு அருவிக்கும் ஒரு பெட்டி. குளிக்கலாம் என்றால் பச்சை, தடை என்றால் சிவப்பு. சிக்னல் இல்லாத இடத்திலும் பக்கம் பட்டென்று திறக்க வேண்டுமே என்று, காலையில் வந்த நிறத்தைப் போனே நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி எழுதினேன். என்ன வேகம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

சாரல் காலத்தில் ஒருநாள் முற்பகல், தண்ணீர் கூடி மெயினருவியில் கயிறு கட்டிவிட்டார்கள். தென்காசியில் இருந்தபடியே சிவப்புக்கு மாற்றிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

கயிற்றருகே ஒரு பெண் தன் போனைக் காவலரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கணவன், துண்டோடு மகள்.

"பச்சையாத்தான சார் காட்டுது? இதப் பாத்துதான் வாசுதேவநல்லூர்ல இருந்து வாரோம். இவுகளுக்குப் பட்டாளத்துல லீவு முடிஞ்சிட்டு, சாயங்காலம் ரயிலு. புள்ள அப்பா கூடக் குளிக்கணும்னு ஒரு மாசமா சொல்லுதா."

"நான் என்னம்மா செய்ய? தண்ணியப் பாருங்க."

என் போனில் சிவப்பு. அவள் போனில் காலையில் நான் வைத்த பச்சை. பின்னால் இன்னும் பலர் போனைப் பார்த்தபடி வந்துகொண்டே இருந்தார்கள். அத்தனை போன்களையும் எட்ட எனக்கு வழியே இல்லை.

மகள் அழுதாள். "அழாதட்டி. போன் சரியாத்தான் சொல்லிருக்கும். நாமதான் பிந்திட்டோம்" என்றார் அப்பா.

அன்றிரவே, நிறத்தைப் போனில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரியை அழித்தேன்.

இப்போது அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் நிறம் காட்டுகிறது. பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று திட்டுகிறார்கள். சுற்றட்டும்.